நல்ல சாலை, கெட்ட சாலை

ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து இறங்கி அட்வெஞ்சர் பைக்கில் ஏறுகிறவர்கள் தேடுவது என்ன? மணாலியிலிருந்து ஸ்பிதிக்குப் போகும் 200 கி.மீ. பாதையில் பதில் கிடைக்கிறது. கூடவே ஒரு கேள்வியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தில்லி தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஜி.டி. சாலை விழித்திருக்கும். சிவப்பும் பச்சையும் ஆரஞ்சுமாக ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே பறக்கும். போகுமிடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: சுமார் 50 கி.மீ. தொலைவில், ஹரியாணாவின் சோனிபத் மாவட்டத்தில் இருக்கும் மூர்த்தல். வெண்ணெய் வழியும் பராத்தாவைச் சாப்பிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். பெங்களூர்க்காரர்களுக்கு நந்தி மலை, புணேக்காரர்களுக்கு லோணாவளா. ஊர் மாறும், சடங்கு மாறாது.

சில ஆண்டுகளாக இந்தக் கூட்டத்தில் வேறொரு ஜாதி வண்டி தலைகாட்டுகிறது. உயரமானது. முன்சக்கரம் பெரியது. மட்கார்டு கழுகின் அலகு மாதிரி நீண்டிருக்கும். இரண்டு பக்கமும் பெட்டி தொங்கும். வேகத்தில் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்காது, கொடுக்க விரும்புவதாகவும் தெரியாது. அதை ஓட்டுகிறவரைக் கேட்டால் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்: "இதற்கு முன்னால் நானும் அதைத்தான் வைத்திருந்தேன்."

நானும் அந்த ரகம்தான். ஒன்பது வருடம் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கை ஓட்டினேன். போன வருடம் அதைக் கொடுத்துவிட்டு அட்வெஞ்சர் பைக் வாங்கினேன். வயதாகிவிட்டது என்றார்கள் நண்பர்கள். அது முழு உண்மையல்ல.

ஸ்போர்ட்ஸ் பைக் மோகம் இந்தியாவுக்கு வந்து ரொம்ப காலமாகிவிடவில்லை. 2003ல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா வந்தது. அடுத்த வருடம் வெளியான தூம் இந்திப் படம் திருடர்களைப் பெரிய மோட்டார் சைக்கிள்களில் ஏற்றி, கல்லூரி மாணவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 2008ல் யமஹாவின் ஆர்15 வந்தபோது பந்தய வண்டியின் உருவமும் உட்காரும் விதமும் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் விலையில் கிடைத்தன. 2014ல் கேடிஎம் ஆர்சி 390. 2017ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. இதே காலத்தில்தான் தங்க நாற்கரச் சாலைகளும் விரிந்தன. வழுவழுப்பான நான்கு வழிச் சாலையும் குனிந்து ஓட்டும் வண்டியும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை போலத் தோன்றின.

அட்வெஞ்சர் பைக்கின் வம்சம் வேறு. 1980ல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர்80 ஜி/எஸ் என்ற வண்டியை வெளியிட்டது. ஜி/எஸ் என்றால் ஜெர்மன் மொழியில் காடுமேடும் சாலையும் என்று பொருள். அடுத்த வருடமே பாரிஸ்–டாக்கர் பாலைவனப் பந்தயத்தில் பிஎம்டபிள்யூ ஜெயித்தது. உலகம் கவனித்தது. இந்தியா கவனிக்க இன்னும் முப்பது வருடம் பிடித்தது. 2011ல் ஹீரோ நிறுவனம் இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. வாங்க ஆளில்லை. திருப்பம் 2016ல் வந்தது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 411 சிசி எஞ்சினுடன் ஹிமாலயனை விற்பனைக்கு விட்டது. சக்தி 24.5 குதிரைகள் மட்டுமே. ஆனால் முன்சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் வண்டிக்கும் 220 மி.மீ. இடைவெளி. வெகு சீக்கிரத்தில் லடாக் சாலையெங்கும் அதுதான்.

இதில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. எல்லைக் காவலுக்காக ராணுவம் 800 புல்லட்டுகள் கேட்டதில் தொடங்கி, 1955ல் சென்னையில் வேர்விட்டது என்ஃபீல்டு. மலை எல்லைக்கு வண்டி செய்வது அந்த நகரத்துக்குப் புதிதல்ல. 2018ல் வந்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ்ஸும் ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் உருவானதுதான். பனியே விழாத ஊர்கள் பனிமலைக்கு வண்டி செய்கின்றன.

ஏன் இந்த மாற்றம்? ஒரு காரணம் விசித்திரமானது. நாட்டின் மிகச் சிறந்த சாலைகள் மோட்டார் சைக்கிளை உள்ளே விடுவதில்லை. 2002ல் முழுமையடைந்த மும்பை–புணே விரைவுச் சாலையில் இரு சக்கர வண்டிகளுக்குத் தடை. தில்லி–மும்பை விரைவுச் சாலையிலும் தடை. பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை. விபத்துகளைக் குறைக்கத்தான் என்கிறது அரசு. காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள்: மணிக்கு 160 கி.மீ. போகக்கூடிய வண்டிக்கு அதற்கேற்ற சாலை மறுக்கப்படுகிறது. மிஞ்சுவது குழியும் வேகத்தடையும் எதிர்த்திசையில் வரும் டிராக்டரும்.

இரண்டாவது காரணம் உடம்பு. ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கும், காலை வைக்கும் இடம் பின்னால் போயிருக்கும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது அந்தப் பாரம் மணிக்கட்டில் இறங்கும். தில்லி நெரிசலில் அரை மணி நேரம் போதும், உள்ளங்கை மரத்துவிடும். அட்வெஞ்சர் பைக்கில் நாற்காலியில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்காரலாம். பார்வையும் மாறுகிறது. குனிந்தவனுக்கு முன்னால் போகும் லாரியின் டயர் தெரியும். நிமிர்ந்தவனுக்கு லாரிக்கு அப்பால் இருக்கும் வயல் தெரியும்.

சக்தியில் பெரிய வித்தியாசம் இருப்பதாக நினைக்கவேண்டாம். கேடிஎம் ஆர்சி 390க்கும் 2020ல் வந்த 390 அட்வெஞ்சருக்கும் ஒரே 373 சிசி எஞ்சின், ஒரே 43 குதிரை சொச்சம். ஆர்ஆர் 310க்கும் ஜி 310 ஜிஎஸ்ஸுக்கும் அதே கதை: ஒரு எஞ்சின், இரண்டு உடம்பு. வேறுபாடு எலும்பில் இருக்கிறது. ஆர்சியின் முன்பக்க சஸ்பென்ஷன் அமுங்கி எழும் தூரம் 125 மி.மீ. அட்வெஞ்சரில் 170. இந்த நாலரை சென்டிமீட்டருக்குள்தான் எல்லா விஷயமும் அடங்கியிருக்கிறது. முன்னது சாலை தனக்கு இசைந்து வரவேண்டும் என்கிறது. பின்னது தானே சாலைக்கு இசைகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க மணாலி–காஜா பாதையைவிட நல்ல இடம் வட இந்தியாவில் கிடையாது. காஜா, ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் தலைநகர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். என்னோடு வந்தவர்களில் ஒருவர் இன்னும் ஸ்போர்ட்ஸ் பைக் விசுவாசி. மற்றவர் பெங்களூரில் வேலை பார்க்கும் பெண். அவர் உயரம் ஐந்தடி இரண்டங்குலம், அவர் வண்டியின் சீட் உயரம் 825 மி.மீ.

மணாலிவரை ஸ்போர்ட்ஸ் பைக்கின் ராஜ்யம்தான். ஹிமாசலத்தின் கீரத்பூர்–மணாலி நான்கு வழிச் சாலையில் சுரங்கங்களும் பாலங்களும் மாறி மாறி வருகின்றன. நண்பர் காணாமல்போனார். ஒவ்வொரு டாபாவிலும் டீயை முடித்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். ஆனால் இந்தச் சாலையும் நிரந்தரமில்லை. 2023 ஜூலையில் பியாஸ் பெருகியபோது குல்லுவுக்கும் மணாலிக்கும் இடையே சாலை பல இடங்களில் ஆற்றோடு போனது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் அதே கதை. இமயமலையில் சாலை என்பது ஒரு வருடத்து ஒப்பந்தம். மலை அதைப் புதுப்பிக்க மறுக்கலாம்.

மணாலியைத் தாண்டினால் அடல் சுரங்கப்பாதை. 2020 அக்டோபர் 3ல் திறக்கப்பட்டது. 9.02 கி.மீ. நீளம். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே, இத்தனை நீளத்தில் நெடுஞ்சாலைச் சுரங்கம் அதற்கு முன் உலகில் இருந்ததில்லை. பழைய வழி 3,978 மீட்டர் உயரத்தில் ரோத்தாங் கணவாயைக் கடந்தது. அதைச் சுற்றாமல் போவதில் 46 கி.மீ. மிச்சம். உள்ளே நுழையும்போது தேவதாருவும் மழையும். பத்து பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்தால் மொட்டைமலையும் வெயிலும். மேகத்தை மலைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. இது லாஹௌல். சுரங்கம் வருவதற்கு முன் குளிர்கால மாதங்களில் பனி இந்தப் பகுதியை மூடிவிடும். நோயாளியை வெளியே கொண்டுபோக ஹெலிகாப்டருக்குக் காத்திருக்கவேண்டும். வானம் தெளிந்தால்தான் அதுவும் வரும்.

லே போகும் வண்டிகள் இடதுபுறம் திரும்புகின்றன. ஸ்பிதிக்கு வலதுபுறம், சந்திரா நதியை எதிர்த்து மேலே போகவேண்டும். கோக்ஸரைத் தாண்டினால் கிராம்ஃபூ. தமிழ்க் காதில் கிராம்பு என்று விழும். கிராம்பு அளவுக்குத்தான் இடமும். அங்கே நெடுஞ்சாலை 505 பிரிகிறது. பெயரில் தேசிய நெடுஞ்சாலை. பார்வைக்கு, ஆறு மறந்துபோன படுகை. உருண்டைக் கற்கள், மணல், அதன்மேல் ஓடும் தண்ணீர். பாதல்வரை சுமார் 50 கி.மீ. எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. சத்ரு, பாதல் என்று வரைபடத்தில் இருப்பவை ஊர்களல்ல. கோடையில் மட்டும் உயிர்பெறும் டாபாக்கள்.

இங்கே அட்வெஞ்சர் பைக்கின் நியாயம் புரிகிறது. 21 அங்குல முன்சக்கரம் கல்லைக் கண்டால் முட்டி நிற்காமல் ஏறி இறங்குகிறது. ஓட்டுகிறவன் சீட்டில் உட்காருவதில்லை, எழுந்து நிற்கிறான். பாரம் சீட்டிலிருந்து பாதத்துக்கு இறங்குவதால் வண்டி அடியில் ஆடினாலும் மேலே உடம்பு ஆடாது. முழங்கால்கள் இரண்டும் கூடுதல் சஸ்பென்ஷனாக வேலை செய்கின்றன. பிடி தளர்ந்திருக்கவேண்டும். இறுக்கிப் பிடித்தால் வண்டி முரண்டு பிடிக்கும். ஸ்போர்ட்ஸ் பைக் கற்றுத் தந்த பாடத்துக்கு இது நேர் எதிர். அங்கே பெட்ரோல் டாங்கை முழங்காலால் கவ்வி, வண்டியோடு ஒட்டிக்கிடக்கவேண்டும். இங்கே வண்டியை அதன் போக்கில் விடவேண்டும்.

நாலாக்கள் வேறு. நாலா என்றால் ஓடை. பனிப்பாறை உருகி வரும் தண்ணீர் சாலையைக் குறுக்காகக் கடக்கிறது. இரவெல்லாம் உறைந்திருப்பதால் காலையில் கணுக்காலளவு. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். பிற்பகலில் முழங்காலுக்கு மேல். அதனால் ஸ்பிதிப் பயணத்தில் முதல் விதி விடியற்காலையில் கிளம்புவது. இரண்டாவது விதி, இறங்கி நடந்து ஆழம் பார்ப்பது. மூன்றாவது, முதல் கியரில் ஒரே சீராகப் போவது. நடுவில் நின்றால் அடியில் இருக்கும் கல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்போர்ட்ஸ் பைக் நண்பர் என்ன ஆனார்? வந்து சேர்ந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு கல்லையும் கண்ணால் எடைபோட்டு, நாலாக்களில் எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டு, வண்டியின் வயிற்றில் கல் இடிக்கும் ஒவ்வொரு முறையும் முகம் சுளித்துக்கொண்டு வந்தார். பாதலில் இறங்கியதும் அவர் சொன்னது: "ஐந்து மணி நேரத்தில் மலையைப் பார்க்கவே இல்லை. தரையை மட்டும்தான் பார்த்தேன்."

உயரமான வண்டிக்கும் கஷ்டம் உண்டு. அதை விளம்பரங்கள் சொல்வதில்லை. 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்த புது ஹிமாலயன் 452 சிசி, 40 குதிரைசக்தி, எடை 196 கிலோ. பெட்டிகளையும் சாமான்களையும் ஏற்றினால் எடை இன்னும் கூடும். நின்ற இடத்தில் சாய்ந்தால் ஒருவரால் தூக்குவது கடினம். காற்று மெலிந்த 4,000 மீட்டர் உயரத்தில் தூக்கினால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கவேண்டும். பெங்களூர்த் தோழிக்கு ஒரு நேரத்தில் ஒரு பாதத்தின் நுனிதான் தரையைத் தொட்டது. "ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கும் ஆறடி ஆளுக்கும் வித்தியாசமில்லை. நிற்கிற இடத்தைத்தான் யோசித்துத் தேர்ந்தெடுப்பேன்" என்றார். இந்தப் பாதையில் வண்டியை ஒரு முறைகூடச் சாய்க்காதவர் அவர் ஒருவர்தான்.

செலவும் கொஞ்சமல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். நீளமான பயணத்துக்கு ஏற்ற பெரிய வண்டிகள் பலவும் இந்த 40 சதவீதக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

பாதலிலிருந்து குன்ஜும் கணவாய்க்குச் செங்குத்தான ஏற்றம். உச்சி 4,551 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்கூட இல்லை. எஞ்சினும் மூச்சுவிடும் பிராணிதான். 40 குதிரைகளில் பதினாறு மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும். முன்பு கார்புரேட்டர் வண்டிகள் இந்த உயரத்தில் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை கக்கித் திணறின. இப்போதைய வண்டிகளில் மின்னணு முறை காற்றின் அளவைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. மனிதனுக்கு அப்படி ஒரு கருவி இல்லை. மணாலியில் ஒரு நாளாவது கூடுதலாகத் தங்கி வருவது நல்லது. தலைவலியும் வாந்தியும் நிற்காவிட்டால் ஒரே மருந்து கீழே இறங்குவது. உச்சியில் குன்ஜும் மாதா கோவில். போகிற வண்டிகளெல்லாம் அதை ஒரு முறை வலம்வந்துதான் கடக்கின்றன. நாங்களும் சுற்றினோம். ஸ்போர்ட்ஸ் பைக்கும் சுற்றியது.

அடுத்த இறக்கத்தில் லோசர். ஸ்பிதியின் முதல் கிராமம். வெள்ளைச் சுவர் வீடுகள், கூரைமேல் விறகு, ஊரைச் சுற்றிக் கண்ணைப் பறிக்கும் பச்சை. அது பட்டாணி வயல். சமவெளியில் பட்டாணி விளையாத காலத்தில் இங்கே காய்ப்பதால் நல்ல விலை கிடைக்கிறது. ஸ்பிதியின் பணப்பயிர் இதுதான். ஆனால் மூட்டை மூட்டையாக அது நாங்கள் வந்த அதே வழியாகத்தான் குல்லு இறங்கி, தில்லியின் மண்டிக்குப் போகவேண்டும்.

இரவு தங்கிய வீட்டில் சுடச்சுடத் துக்பா கொடுத்தார் அந்த வீட்டு அம்மா. சாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. கிராம்ஃபூ பாதையை அகலப்படுத்தித் தார் போடும் வேலை நடப்பதை வழியில் பார்த்திருந்தோம். இன்னும் சில வருடத்தில் இந்தப் பாதையின் சுவாரசியமே போய்விடும் என்று எங்களில் ஒருவர் வருத்தப்பட்டார். அந்த அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் கேட்டார்: "எங்கள் பட்டாணிக்கு எதற்கு பாபு அட்வெஞ்சர்?"

பிறகு அவர் சொன்னவை எளிமையானவை. வழியில் ஒரு நாள் வண்டி நின்றால் மூட்டை வாடுகிறது. வாடினால் விலை பாதி. பிரசவ வலி எடுத்த பெண்ணை ஜீப்பில் படுக்கவைத்து அந்தக் கற்கள்மேல் கொண்டுபோவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நவம்பரில் பனி கணவாயை மூடினால் ஜூன்வரை அந்தப் பக்கம் இல்லை. அப்புறம் கின்னௌர் வழியாக சிம்லாவைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் பைக்காரன் தனக்கென்று வழுவழுப்பான சாலை கேட்கிறான். அட்வெஞ்சர் பைக்காரன் தனக்கென்று கரடுமுரடான சாலை கேட்கிறான். இரண்டுமே விருந்தாளியின் ஆசைகள். ஒரு பருவத்தில் நாலு நாள் வந்து போகிறவன் கெட்ட சாலையை ரசிக்கலாம். பன்னிரண்டு மாதமும் அதில் வாழ்கிறவருக்கு அது வெறும் கெட்ட சாலை.

வண்டி எங்கும் போகும் என்பதால் எங்கும் ஓட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாதலுக்கு மேலே இருக்கும் சந்திரதால் ஏரி 2005 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள சதுப்புநிலம். வண்டிகளைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்துதான் போகவேண்டும். ஆனாலும் வழியெங்கும் புல்வெளிமேல் டயர் தடங்கள். இந்த உயரத்தில் புல் மறுபடி முளைக்க வருடங்கள் ஆகும். 2022 ஏப்ரலில் லடாக்கின் பாங்காங் ஏரித் தண்ணீரில் கார் ஓட்டிய வீடியோ நாடெங்கும் கண்டனத்தைக் கிளப்பியது. காருக்குக் கிடைத்த கண்டனம் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

காஜாவில் இரண்டு நாள் தங்கி, அதே வழியில் திரும்பினோம். சத்ருவுக்கு முன்னால் சாலை வேலை. எல்லைச் சாலைகள் நிறுவனம் இமயமலை வேலைகளுக்கு ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவது பல வருட வழக்கம். இங்கேயும் அப்படித்தான். முகத்தில் துண்டு, கண்ணில் மலிவான கறுப்புக் கண்ணாடி, காலில் ரப்பர் பூட்ஸ். தார் டிரம்மின் புகைக்கு நடுவே கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நடக்கவே மூச்சு வாங்கிய உயரத்தில் அவர்கள் சம்மட்டி தூக்கினார்கள். அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். எஞ்சினை நிறுத்தினோம். ஒரு பையன் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டான். இந்தச் சாலையில் இருபது என்றேன். "அடுத்த தடவை வாருங்கள். அறுபது போகலாம்" என்றான், தான் போட்ட தாரைக் காட்டி.

கொடி அசைந்தது. புதுத் தார் ஒரு கி.மீ. இருக்கும். வண்டிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. உட்கார்ந்துகொண்டேன். ஸ்போர்ட்ஸ் பைக் நண்பர் குனிந்து, இரண்டு நாளில் முதல் முறையாக முழு வேகத்தில் பறந்தார். பின்னால் ஹாரன் சத்தம். வாய்வரை பட்டாணி மூட்டை அடுக்கிய பிக்கப் வண்டி ஒன்று குல்லு சந்தைக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.